விடரும் பரலும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நிறைவு விழாவில் கடந்த பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்ப்பது மரபு. அப்பணியை வட்டத்தின் அறிக்கை செவ்வனே செய்திருக்கிறது. இவ்வுரை வேறொரு வகையில் திரும்பிப் பார்க்க முயல்கிறது. பாலைத் திணையையும், பாலை வழியில் நின்று காணும் பயணியையும், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பத்தக்க ஒரு குன்றையும் இணைத்துப் பார்ப்பதே இதன் நோக்கம்.

பாலை என்றவுடன் ஓர் ஐயம் எழுவது இயல்பு. தமிழகத்தில் மணற்கடல் போன்ற பெரும் பாலைவனம் இல்லை. ஆயினும் அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைக்கு உரியவை. சரிபாதி. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்று ஒரு புலவருக்குப் பெயரே அமைந்தது. ஒரு மொழியின் புலவர்கள் இல்லாத நிலத்தை இவ்வளவு பாடியது ஏன்?

விடை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து, நல்லியல்பு இழந்து, கொள்ளும் வடிவமே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அதாவது பாலை தனியே பிறந்த நிலம் அன்று. காடாகவோ மலையாகவோ இருந்த ஒன்று, நீர் நீங்கியபின் எய்திய நிலை அது. ஆகவே பாலையைக் காண்பவன் இரண்டு காட்சிகளை ஒருசேரக் காண்கிறான். கண்முன் கிடக்கும் வறட்சி ஒன்று. அந்த வறட்சிக்குள் வடிவாக மட்டும் எஞ்சியிருக்கும் நீர் மற்றொன்று. பாலையின் உரிப்பொருளும் இதற்கு ஏற்பவே அமைந்தது. பிரிவு என்பது ஒருவர் இல்லாமையை அவர் விட்டுச்சென்ற இடத்தின் வடிவைக் கொண்டு அறிவதே அன்றோ!

பாலைக்குரிய சொற்களும் இங்கே கருதத்தக்கவை. சுரம், அத்தம், அதர் ஆகியன வழியைக் குறிப்பன. கவலை என்பது கவர்த்துப் பிரியும் வழி. பதுக்கை என்பது வழியில் மாய்ந்தோர் மீது குவித்த கற்குவியல். விடர் என்பது மலைப்பிளப்பு. பரல் என்பது வழிநடப்போர் அடியை வருத்தும் சிறுகல். இவற்றுள் விடர், பரல் என்னும் இரண்டு சொற்களை மட்டும் இவ்வுரை கைக்கொள்கிறது. ஒன்று தொலைநாட்டுப் பாலை ஒன்றுக்கும், மற்றொன்று திருவள்ளூர் மாவட்டத்துக் குன்று ஒன்றுக்கும் வழிகாட்டும்.

தொலைநாட்டு விடர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் சிற்றூரை அடுத்து ஆன்டிலோப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளத்தாக்கு என்ற சொல் அகன்ற சமவெளியை நினைவுக்குக் கொண்டுவரும். இதுவோ இருபுறமும் கைநீட்டினால் பாறை தட்டுப்படும் அளவுக்குப் பல இடங்களில் குறுகியது. தமிழில் இதற்கு விடர் என்பதே பொருந்தும் சொல். பெரும் பள்ளத்தாக்கு எனப் புகழ்பெற்ற கிராண்ட் கேனியனைக் காணக் காரில் செல்வோர், வழியில் ஒரு வேளை தங்கி இதையும் பார்த்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அந்நாட்டில் வாழும் தமிழர் குடும்பங்களும் விடுமுறைப் பயணங்களில் இவ்வாறு செல்வதுண்டு.

இந்நிலம் நவஹோ பழங்குடி மக்களுக்கு உரியது. 1997 முதல் அவர்களின் பழங்குடிப் பூங்காவாக இது நிருவகிக்கப்படுகிறது. வழிகாட்டி ஒருவர் துணையின்றி எவரும் உள்ளே செல்ல இயலாது. மேல்விடர், கீழ்விடர் என இரு பகுதிகள் உள்ளன. மேல்விடருக்கு அம்மக்கள் தம் மொழியில் இட்ட பெயரின் பொருள், நீர் பாறைகளினூடே ஓடும் இடம் என்பதாகும். சுற்றுலாப் பயணி காணும் நாளில் அங்கே ஒரு துளி நீரும் இராது. காலடியில் இருப்பது உலர்ந்த மணல். ஆயினும் பெயர் நீரையே சொல்கிறது. இடத்தை அறிந்தவர் இட்ட பெயர் அது.

உள்ளே சென்றவர் தலைநிமிர்ந்தால், சுமார் 120 அடி உயரத்தில் வானம் ஒரு கீற்றாகத் தெரியும். சுவர்கள் செம்மையும் காவியும் ஊதாவுமாக அலையலையாக மடிந்து நிற்கும். கோடை மாதங்களில் நண்பகலை ஒட்டிச் சிறிது நேரம் மேலிருந்து ஒளிக்கற்றை ஒன்று செங்குத்தாக இறங்கும். அவ்வேளையில் வழிகாட்டி ஒரு கைப்பிடி மணலை அள்ளி ஒளியில் வீசுவார். துகள்கள் படர, ஒளி தூண்போல் புலப்படும். பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த குழுவுக்கு வழிவிட்டு நகர்வார்கள்.

அந்தப் பாறை பிறந்த கதை வியப்புக்குரியது. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணற்குன்றுகள் மண்ணுள் அழுந்தி இறுகி மணற்பாறை ஆயின. பின்னர் அப்பாறை மேலெழுந்து வெடிப்புகள் கண்டது. மழைக்காலத்தில் திடீரெனப் பெருகும் வெள்ளம் மணலைச் சுமந்துகொண்டு அவ்வெடிப்புகளுள் புகுந்து, அரம் கொண்டு அராவுவதைப் போல அராவியது. ஒவ்வொரு வெள்ளமும் சில மணிநேரமே நீடிக்கும். ஆண்டின் பெரும்பகுதி நீரே இல்லை. ஆயினும் சுவரில் உள்ள ஒவ்வொரு வளைவும் நீரின் வேலை. காற்று குவித்ததை நீர் அறுத்தது என்று இரண்டு வினைகளில் இதன் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

தெளிந்த வானத்தின் கீழ்

இவ்வழகுக்கு ஒரு விலை உண்டு. 1997 ஆகஸ்ட் 12ஆம் நாள் கீழ்விடரில் இறங்கிய பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் மாண்டனர். அவர்களுடன் இருந்த வழிகாட்டி ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். விடர் இருந்த இடத்தில் அஞ்சத்தக்க மழை எதுவும் பெய்யவில்லை. மழை கொட்டியது பல கல் தொலைவில், ஓடையின் மேற்பகுதியில். அந்நீர் திரண்டு, குறுகிய வாய்க்குள் சுவர்போல எழுந்து வந்தது. அன்றிருந்த மர ஏணிகள் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் பாறையில் பிணைத்த இரும்புப் படிகள் அமைக்கப்பட்டன; எச்சரிக்கை ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

இந்நிகழ்ச்சியைச் செய்தியாக மட்டும் படிப்போர் இயற்கையின் சீற்றம் என்று கூறி அமைவர். சுவர்களைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வாறு கூற மாட்டார். தலைக்கு மேல் பல ஆள் உயரத்தில் பாறை வழுவழுப்பாக இருக்கிறது என்றால், அவ்வுயரம் வரை நீர் வந்திருக்கிறது என்பதே பொருள். அந்த விடர் தன் எச்சரிக்கையைத் தன் மேனியிலேயே எழுதிவைத்திருந்தது. அதே எழுத்தைத்தான் பயணிகள் அழகு என்று கண்டனர். அழகும் எச்சரிக்கையும் ஒரே கோடுகளால் எழுதப்பட்டிருக்கும்போது, ஒன்றை மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பாகிவிடுகிறது. மாண்டவர்களைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. எவர்க்கும் நேரத்தக்க பிழை இது. திருவள்ளூர் மாவட்டத்திலும் நேர்ந்திருக்கிறது என்பது பின்னர்க் கூறப்படும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரவுப்பணி முடித்த ஒருவர், விடுமுறை நாளில் இரு சக்கர வண்டியில் புறப்படுவதாகக் கொள்ளலாம். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, கவரைப்பேட்டை அருகே மேற்கு நோக்கித் திரும்பி, ஊத்துக்கோட்டையை அடைகிறார். அங்கே ஆரணியாறு குறுக்கிடும். ஆண்டின் பல மாதங்களில் அது மணல் வழியாகவே கிடக்கும். அதற்கப்பால் கண்டலேறு - பூண்டி கால்வாய். கிருஷ்ணா நீர் 1996இல் இக்கால்வாய் வழியே பூண்டியை முதன்முதலாக அடைந்தது. பூண்டி ஏரி, கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை நகரின் குடிநீருக்காக உழைத்த சத்தியமூர்த்தியின் பெயர் அந்நீர்த்தேக்கத்திற்குச் சூட்டப்பட்டது. அவர் அதற்கு முந்தைய ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

பூண்டியைக் கடந்து வடமேற்கே சென்றால் அல்லிக்குழிக் குன்றுகள் தென்படும். அவற்றின் நடுவே உள்ள சிற்றூர் குடியம். ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு முட்புதர்க் காட்டினூடே நடக்க வேண்டும். நடக்கத் தொடங்கியவுடன் காலடியில் ஒன்றை உணரலாம். வழியெங்கும் உருண்டை உருண்டையான கற்கள். கோழிமுட்டை அளவிலும், தேங்காய் அளவிலும், அதனினும் பெரிதாகவும் வழுவழுப்பாகக் கிடக்கும். மேட்டு நிலத்தில், ஆறு ஏதும் இல்லாத இடத்தில், ஆற்றுக் கூழாங்கற்கள். பாலைப் பாடல்களில் படித்த பரல் என்ற சொல், உரையாசிரியரின் துணையின்றி அங்கே பொருள்படும்.

குடியம் குகை அரிசோனாவின் விடரைப் போன்றதன்று. அது மலைமுகத்தில் அகன்று வாய்திறந்த பெரும் பாறை ஒதுக்கிடம். கூரையில் தேனடைகள் தொங்கும். ஊர் மக்கள் வழிபடும் தெய்வத்திற்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் சுவரை அணுகிப் பார்ப்பவர்க்கு இரண்டு இடங்களுக்கும் உள்ள உறவு விளங்கும். அச்சுவர் ஒரே பாறையால் ஆனதன்று. வழியில் காலை இடறிய அதே உருண்டைக் கற்கள், ஆயிரக்கணக்கில், மண்ணோடும் மணலோடும் சேர்ந்து இறுகி நிற்கின்றன. நிலநூலார் இதனைத் திரள்பாறை என்பர்.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில், மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள கடப்பைப் பகுதி மலைகளிலிருந்து பாய்ந்த நீர், குவார்ட்சைட் என்னும் வன்கல்லை உடைத்து, உருட்டி, மழுக்கி, இங்கே கொண்டுவந்து குவித்தது. அக்குவியலே இறுகிக் குன்றாயிற்று. குன்று மெல்ல அரிந்து கற்களை மீண்டும் உதிர்க்கிறது. அங்கே காற்று குவித்ததை நீர் அறுத்தது. இங்கே நீர் குவித்ததைக் காலம் கரைக்கிறது. இன்று கிருஷ்ணா நீர் வரும் திசையும் ஏறத்தாழ அதுவே. கடப்பை மாவட்டத்து நீர்த்தேக்கத்தைக் கடந்து, சோமசிலா, கண்டலேறு வழியாகத்தான் அந்நீர் பூண்டிக்கு வருகிறது. மறைந்துபோன ஆறுகளின் திசையிலேயே மனிதன் கால்வாய் வெட்டியிருக்கிறான் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கல்லை எடுத்த கை

குன்று உதிர்த்த இக்கற்கள் கிடந்தபடியே கிடக்கவில்லை. ஒரு கை அவற்றை எடுத்தது.

1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர். 1863 மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக் குழி ஒன்றில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றை அவர் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு வந்தபோது, அதிராம்பாக்கத்தில் அத்தகைய கற்கருவிகள் ஏராளமாகக் கிடப்பதைக் கண்டார். நிலப்படம் வரைவதற்காக வழி சென்றவர் அவர். பலரும் மிதித்துக் கடந்த சரளையில் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் குனிவில் தொடங்கியது.

அவர் கண்டவற்றுள் சிறந்தது கைக்கோடரி. வேப்பிலையோ பாதாமோ போன்ற வடிவில், இருபுறமும் சில்லுகளைப் பெயர்த்துக் கூராக்கப்பட்ட கருவி. அதற்கு மூலப்பொருள், குன்றிலிருந்து உதிர்ந்த அதே குவார்ட்சைட் உருண்டைக்கல். நெடுங்காலம் நீர் மழுக்கிய கல்லை, மனிதனின் மூதாதை சில நாழிகையில் கூராக்கினான். நீரின் உழைப்புக்கு நேர்மாறான உழைப்பு அது.

குடியம் குகையை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி 1960களில் அகழ்ந்தார். கருவிகள் கிடைத்தன. ஆனால் மக்கள் நெடுங்காலம் அங்கேயே தங்கி வாழ்ந்தமைக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பெருஞ்சான்று கிடைத்த இடமோ அதிராம்பாக்கத்தின் திறந்தவெளி. அங்கே காண்பதற்குக் கண்கவரும் குகை இல்லை. அரிந்து பள்ளமான செம்மண் ஓடைகளும், புதரும், வெயிலுமே உண்டு. பயணி படம் எடுக்க விரும்பும் இடம் குடியம். வரலாறு எழுதப்பட்டிருக்கும் இடம் அதிராம்பாக்கம். கவிஞர் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. கண்ணை ஈர்க்கும் பொருள் எப்போதும் மிகுதியாகப் பேசும் பொருளாக இருப்பதில்லை.

சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999இலிருந்து அதிராம்பாக்கத்தில் அகழாய்வு மேற்கொண்டனர். 2011இல் வெளியான அவர்களது ஆய்வு, அங்குள்ள தொன்மையான கைக்கோடரிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், சராசரிக் கணக்கில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்றும் காட்டியது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டுக் கல்லில் உண்டாகும் தனிமங்கள், கல் மண்ணுள் புதைந்தபின் சிறிது சிறிதாகக் குறையும். அக்குறைவை அளந்து கண்ட காலம் இது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, கைக்கோடரி மரபு மாறி, நுட்பமான சிறு கருவிகளைச் செய்யும் முறை இங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று கூறியது.

அந்த இரண்டாம் ஆய்வில் காலம் கணித்த முறை கவிஞர் செவிக்குரியது. மணலில் உள்ள கனிமத் துகள், கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அளப்பதே அம்முறை. துகளை எடுக்கும்போது ஒளி படக்கூடாது. பட்டால் அதன் நினைவு அழிந்துவிடும். ஆகவே இருளிலேயே எடுத்து, இருளிலேயே காத்து, ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்வர். அரிசோனாவில் வழிகாட்டி ஒளியில் வீசும் மணலும் மணலே. அதிராம்பாக்கத்தில் இருளில் பொதிந்து எடுக்கும் மணலும் மணலே. ஒன்று ஒளியைக் காட்டுகிறது. மற்றொன்று ஒளி இல்லாத காலத்தின் நீளத்தைச் சொல்கிறது.

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. இப்பகுதிக் கற்கருவிகளை அங்கே காணலாம். குடியத்திற்குச் செல்வோர் முதலில் அங்கே ஒரு மணிநேரம் நின்று செல்வது பயன் தரும். கண் பழகிய பின்னரே கால் நடக்க வேண்டும்.

வறண்ட ஆற்றைப் படித்தல்

முன்னர்க் கூறிய பிழை இங்கே நேர்ந்த வகையை இனிக் காணலாம். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. பூண்டியும் அவற்றுள் ஒன்று. அந்நாளில் கொசஸ்தலையாற்றின் வழியைக் கண்டவர், அதனை ஆறு என்று அழைக்கவே தயங்கியிருப்பர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில் பூண்டியின் உபரிநீர் அதே வழியில் பெருகியது. கீழ்ப்பகுதியில் மணலி புதுநகர் வரை வீடுகளுள் நீர் புகுந்தது. 2015இலும் 2023இலும் அவ்வாறே பெருவெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் எதிர்பாராத வெள்ளம் என்றே பேசப்பட்டது. ஆறு தன் அகலத்தைக் கரைகளில் எழுதிவைத்திருந்தது. வறண்ட மாதங்களில் அந்த எழுத்தின் மீதே வீடும் கிடங்கும் எழுந்தன. அந்த எழுத்தையே மணலாக அள்ளி வண்டிகளில் ஏற்றினர்.

வறண்ட ஆற்றை இறந்த ஆறு என்று பாடுவது கவிஞர்க்கு எளிது. இரங்கற்பா எழுத இசைவான பொருள் அது. ஆனால் அது உண்மைக்கு மாறானது. அரிசோனாவின் விடரும் கொசஸ்தலையின் மணலும் ஒரே பாடத்தைத்தான் புகட்டுகின்றன. நீர் நீங்கியிருக்கிறது, நீரின் வழி நீங்கவில்லை. பாலை முல்லையும் குறிஞ்சியும் திரிந்த நிலை என்று கூறிய புலவர் மரபு இதனை அறிந்திருந்தது. திரிந்தது மீண்டும் திரியும். கார் வந்தால் பாலை முல்லையாகும். அதனாலேயே தலைவி காத்திருக்கிறாள். இறந்துவிட்டது என்று எழுதும் கவிதை, காத்திருப்பதற்கும் இடம் தருவதில்லை. காத்துக்கொள்வதற்கும் இடம் தருவதில்லை.

பொருள்வயிற் பிரிந்தோர்

பாலைப் பாடல்களில் மற்றொரு சிறப்பும் உண்டு. சுரத்தின் கொடுமையை விரித்துக் கூறுவோர் பலர் அவ்வழியில் நடந்தவர் அல்லர். வீட்டில் இருக்கும் தலைவி, மகளை இழந்த நற்றாய், வளர்த்த செவிலி. அவர்கள் கண்டது வெறுமையான முற்றத்தை. கூறியதோ, பரல் நிறைந்த வழியை. காணாத வழியை, இல்லாத ஒருவரின் அடிச்சுவட்டைக் கொண்டு அவர்கள் கண்டனர். விடரின் சுவரைக் கொண்டு நீரைக் காண்பதும், சில்லு பெயர்ந்த கல்லைக் கொண்டு 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கையைக் காண்பதும் இதே வகை அறிவுதான்.

இந்த அறிவுக்கு கும்மிடிப்பூண்டியில் இன்று வேலை மிகுதி. இரும்பை உருக்கும் ஆலைகளிலும், கம்பி இழுக்கும் ஆலைகளிலும், உதிரிப்பாகக் கூடங்களிலும் பணிபுரியப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்கள் வருகின்றனர். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் வகுத்த பிரிவு இதுவே. சிலர் ஓராண்டு இருப்பர். சிலர் ஒரு பருவம் மட்டும். பின்னர் வேறு ஊர், வேறு ஆலை. அவர்கள் கடந்துவந்த வழியைத் தொலைவில் உள்ள ஒரு வீட்டில் ஒருத்தி எண்ணிக்கொண்டிருப்பாள். இங்கே அவர்கள் விட்டுச்செல்வது ஓர் அறைச்சுவரில் அறைந்த ஆணி, தேநீர்க்கடைக் கணக்கேட்டில் தமிழ் எழுத்தில் பிழையாக எழுதிய ஒரு பெயர், ஆலையில் உருவாகி எங்கோ ஒரு கட்டடத்திற்குள் மறைந்துபோன கம்பி. அதிராம்பாக்கத்தில் கருவி செய்தவர்களும் இவ்வாறே வந்து, உழைத்து, செய்ததைப் போட்டுவிட்டுப் போனவர்கள்தாம். பெயர் இல்லை, வேலை இருக்கிறது.

வட்டத்தின் கவிஞர்களிடம் இவ்வுரை முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. தொழிற்பேட்டையைப் பாடும்போது புகையையும் ஓசையையும் மட்டும் பாடி அமைந்துவிட வேண்டாம். அவை ஒளித்தூணைப் போல எவர் கண்ணுக்கும் புலப்படுபவை. வந்து சென்றவரை, அவர் விட்டுச்சென்ற வடிவைக் கொண்டு படிக்கும் பழக்கம் கவிதைக்கு வேண்டும். அப்பழக்கம் இருந்தால் ஆற்றின் கரையில் வெள்ளத்தின் உயரத்தையும் படிக்கலாம். ஆணி அறைந்த சுவரில் ஒரு மனிதனின் ஓராண்டையும் படிக்கலாம். படிக்கத் தவறினால் இழப்பு கவிதைக்கு மட்டும் நேர்வதன்று. 1997 ஆகஸ்டில் அந்த விடரில் நேர்ந்தது அதற்குச் சான்று.

பயிற்சிக்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு, பூண்டி அருங்காட்சியகத்தில் சிறிது நேரம் நின்று, குடியத்தின் காட்டு வழியில் நடக்கலாம். கல்லை எடுத்துப் பார்த்தபின் எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அது அடுத்து வருபவரும் படிக்க வேண்டிய ஏடு. திரும்பும் வழியில் ஊத்துக்கோட்டைப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, உலர்ந்த ஆரணியாற்றின் இரு கரைகளுக்கும் இடையே உள்ள அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டு வரலாம்.

வட்டம் தன் அடுத்த பத்தாண்டுகளில் அத்தகைய கவிதைகளைத் தமிழுக்கு அளிக்க வேண்டும் என வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.